தங்கத்தின்மேல் பென்டசீன்: வெற்றிடக் கலனைத் தொடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வெற்றிடக் கலனுக்குள் ஓர் உலோகப் பரப்பைத் தூய்மை செய்து, அதன்மீது பென்சீன் வளையங்களால் ஆன கரிம மூலக்கூறுகளை ஒரே ஓர் அடுக்காகப் படியவைத்து, அவற்றைத் தனித்தனியாகப் படம்பிடிக்கும் ஆய்வில் புதிதாகச் சேரப்போகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்துறையில் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் "பரப்பு வழக்கமான முறையில் தூய்மை செய்யப்பட்டது" என்று அக்கட்டுரைகள் ஒரே வரியில் கடந்துபோகும் வேலைதான் என் முனைவர் பட்ட ஆய்வில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. சில விஷயங்களை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். அதைவிட முக்கியமாக, இந்த வேலைக்கே நான் தகுதியற்றவன் என்று நம்பிக்கொண்டு கழித்த மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

எங்கள் ஆய்வகம் வட சென்னையில், காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் இடையில், கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு கல்வி நிறுவனத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. 2022-இன் நடுவில் நான் சேர்ந்தபோது அங்கே ஒரு பழைய எஸ்.டி.எம். கருவி (கூரிய ஊசியைப் பரப்புக்கு மிக அருகே நகர்த்தி, இடையில் பாயும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு அணுக்களைப் படம்பிடிக்கும் நுண்ணோக்கி), அதைத் தாங்கிய எஃகுக் கலன், வெற்றிடம் உண்டாக்கும் டர்போ பம்ப், அயனி பம்ப், அவற்றுக்குப் பின்னால் எண்ணெய் ஊற்றிய ரோட்டரி பம்ப் ஆகியவை இருந்தன. அந்தக் கருவியில் வேலை செய்த கடைசி மாணவர் படிப்பை முடித்துச் சென்று நெடுநாளாகியிருந்தது. என் நெறியாளர் ஒளியியலில் வல்லவர். வெற்றிடத் தொழில்நுட்பத்தில் அவரும் என்னோடு சேர்ந்துதான் கற்க வேண்டியிருந்தது. ஆகவே கேள்வி கேட்க ஆளில்லாமல் தனியாகத்தான் தொடங்கினேன்.

என்னை இத்துறைக்கு இழுத்தது ஒரு படம். கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் 1981-இல் எஸ்.டி.எம். கருவியை உருவாக்கி 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ஐ.பி.எம். ஸூரிக் ஆய்வகத்தில், 2009-இல் லியோ கிராஸும் அவருடைய குழுவினரும் பென்டசீன் மூலக்கூறு ஒன்றின் ஐந்து வளையங்களையும் தனித்தனியாகக் காட்டினார்கள். கல்லூரியில் கரும்பலகையில் வரைந்த அறுகோணங்களை அப்படியே உண்மையில் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்டது அணுவிசை நுண்ணோக்கியில், சுமார் 5 கெல்வின் வெப்பநிலையில், ஊசிமுனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து. எங்கள் கருவியோ அறை வெப்பநிலையில் இயங்குவது; குளிர்விக்கும் அமைப்பே அதில் கிடையாது. ஒரு குழுவில் சேரும் முன், அங்குள்ள கருவி எந்த வெப்பநிலையில் இயங்குகிறது, திரவ ஹீலியம் கிடைக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மூலக்கூறை, எந்த உலோகத்தின்மீது, எவ்வளவு அடர்த்தியாகப் படியவைத்தால் பார்க்க முடியும் என்பதை அந்த ஒரு விவரம் பெருமளவு முடிவு செய்துவிடும். அறை வெப்பநிலைக் கருவியிலும் நல்ல ஆய்வு செய்யலாம். ஆனால் அது வேறு ஆய்வு.

இந்த அளவு வெற்றிடம் ஏன் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கலனுக்குள் 10⁻⁶ மில்லிபார் அழுத்தம் இருந்தால், மோதும் வாயு மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொண்டால், ஓரிரு நொடிகளில் பரப்பு முழுவதும் ஓர் அடுக்கு அழுக்கு மூடிவிடும். அழுத்தம் 10⁻¹⁰ ஆகக் குறைந்தால் அதே அடுக்கு மூடச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மூலக்கூறுகளைப் படியவைத்துப் படமும் எடுத்தாக வேண்டும். அந்த அழுத்தத்தை அடையத் தடையாக இருப்பது பெரும்பாலும் நீராவிதான். கலனைத் திறந்தவுடன் உட்சுவர் முழுவதும் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அவை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கலன் முழுவதையும் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை இரண்டு மூன்று நாட்கள் சூடாக்குகிறோம். ஆய்வகங்களில் இதைப் பேக்கிங் என்பார்கள்.

கடற்கரையை ஒட்டிய ஊரில் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் அறைச் சுவரே வியர்த்துக் கிடக்கும். அந்த நாட்களில் திறந்த கலன் பேக்கிங் முடிந்த பிறகும் பழைய அழுத்தத்துக்கு இறங்க மறுக்கும். நாளடைவில் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். மழைக்காலத்தில் கூடியவரை கலனைத் திறப்பதில்லை. திறந்தே ஆகவேண்டும் என்றால், திரவ நைட்ரஜனிலிருந்து ஆவியாகும் உலர்ந்த நைட்ரஜனை உள்ளே நிரப்பி, வேலை முடியும்வரை அது உள்ளிருந்து வெளியே வீசிக்கொண்டிருக்கும்படி செய்கிறேன். மாற்ற வேண்டிய பாகம், இணைப்புகளில் காற்றுப் புகாமல் அடைக்கும் புதிய செப்பு வளையம், சாவிகள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக எடுத்து வைத்த பிறகுதான் முதல் போல்ட்டைத் தளர்த்துகிறேன். பேக்கிங் செய்யும்போது அலுமினியத் தாளைச் சீராகச் சுற்றிப் பல இடங்களில் வெப்பநிலையை அளக்கிறேன். ஏனென்றால் எங்காவது ஒரு மூலை குளிர்ந்திருந்தால், மற்ற இடங்களிலிருந்து கிளம்பும் நீராவி அங்கே போய்த் தங்கிவிடும். கலன் முழுவதும் குளிர்வதற்கு முன்பே, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, அழுத்த அளவி போன்றவற்றில் உள்ள மெல்லிய உலோக இழைகள் அனைத்தையும் ஒருமுறை சூடாக்கி அவற்றில் தங்கிய வாயுவை விரட்டிவிட வேண்டும். குளிர்ந்த பிறகு செய்தால் அந்த வாயு மீண்டும் சுவரில் ஒட்டும்.

இவையெல்லாம் ஓரளவு பாடப்புத்தகத்தில் கிடைப்பவை. என்னை உண்மையில் வீழ்த்தியது அழுத்த அளவியில் தெரிந்த எண். பேக்கிங் முடிந்து அளவி 10⁻¹⁰ என்று காட்டியதும் எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் தங்கப் படிகத்தைத் தூய்மை செய்து ஊசியால் வருடிப் பார்த்தபோதெல்லாம், பரப்பில் படிக்கட்டுபோல் அமைந்த ஓர் அணு உயர விளிம்புகள் நெடுகிலும் உருத் தெரியாத திட்டுகள் இருந்தன. மறுபடி தூய்மை செய்தால் இடம் மாறி அதே திட்டுகள். ஊசியை மாற்றினோம், படிகத்தின் தாங்கியை மாற்றினோம், தூய்மை செய்யப் பயன்படும் ஆர்கான் வாயு உருளையை மாற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கலனைத் திறந்து, மீண்டும் பேக்கிங் செய்து, ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மாதாந்திரக் கூட்டங்களில் மற்ற மாணவர்கள் வரைபடங்களைக் காட்டும்போது நான் அழுத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்டையார்பேட்டை வீட்டில் அம்மா, "எப்பப்பா முடியும்?" என்று கேட்பதைத் தவிர்க்கவே இரவில் தாமதமாகப் போவேன். அந்தக் காலத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ரோட்டரி பம்பில் சத்தம் அதிகமானதால் அதை வியாசர்பாடியில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். பழுது பார்த்த பெரியவர் பல ஆண்டுகள் குளிர்பதனத் தொழிற்சாலைகளில் பம்புகளோடு வாழ்ந்தவர். பம்பின் வாய்க்குழாயைத் துடைத்து விரலைக் காட்டி, "எண்ணெய் மேலே ஏறியிருக்கு தம்பி. மீட்டரைப் பார்க்காதீங்க, உள்ளே என்ன கேஸ் இருக்குன்னு பாருங்க" என்றார். உள்ளே என்ன வாயு என்று சொல்லக்கூடிய நிறை நிறமாலைமானி எங்கள் கலனிலேயே இருந்தது. அதன் இழை எரிந்துபோய், புது இழைக்குப் பணம் ஒதுக்கப்படாமல் கிடந்தது. அந்த இழையின் விலை என் ஒரு மாத உதவித்தொகையைவிட அதிகம். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதில் எனக்கு நிலுவைத் தொகை வந்திருந்தது. அதைப் போட்டு இழையை வாங்கினேன். அந்தப் பணம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இழையை மாட்டிப் பார்த்ததும் படம் தெளிவாகிவிட்டது. எல்லாம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் நிறமாலை ஓரளவு நன்றாகவே இருந்தது. மூலக்கூறு நிறையைக் குறிக்கும் எண்களில் சொன்னால், ஹைட்ரஜனுக்குரிய 2, நீருக்குரிய 18, கார்பன் மோனாக்சைடுக்குரிய 28 ஆகிய கோடுகள். கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடுக்குரிய 44. ஆனால் படிகத்தின் தாங்கியைச் சூடாக்கியவுடன் 41, 43, 55, 57 ஆகிய கோடுகள் வரிசையாக எழுந்தன. அவை பம்ப் எண்ணெயின் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் உடைந்து தரும் துண்டுகள். நான் வருவதற்கு முன்பே, எண்ணெய் ஆவியைத் தடுக்கும் பொறி இல்லாமல் பல ஆண்டுகள் ஓடிய பம்பிலிருந்து எண்ணெய் பின்னோக்கி ஊர்ந்து கலனுக்குள் படிந்திருக்கிறது. அமைதியாக இருக்கும்போது அளவி காட்டும் எண், படிகத்தைச் சூடாக்கும்போதும் மூலக்கூறுகளை ஆவியாக்கும்போதும் கலனுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பரப்பு அழுக்காவது அந்த நேரத்தில்தான். ஆகவே நிறை நிறமாலைமானி இல்லாத கலனில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்பதே நான் சொல்ல வேண்டியவற்றில் முதன்மையானது. நிதி ஒரு பொருளுக்கு மட்டுமே இருக்கிறது என்றால் புதிய மூலக்கூறை வாங்காமல் அந்த இழையை வாங்குங்கள். படிகத்தைச் சூடாக்கும் ஒவ்வொரு முறையும் நிறமாலையைப் பதிவு செய்துகொண்டே சூடாக்குங்கள். காற்றுக் கசிவு இருந்தால் 28-உடன் 32-உம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்ற அளவில் எழும், ஆர்கானின் 40-உம் தலைகாட்டும். 32 இல்லாமல் 28 மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், இல்லாத ஓட்டையைத் தேடி வாரங்களை வீணாக்க வேண்டியதில்லை.

எண்ணெய் பம்பை அகற்றி, எண்ணெயில்லாத ஸ்க்ரோல் பம்ப் ஒன்றை நெறியாளர் வேறொரு திட்டத்தின் நிதியிலிருந்து ஏற்பாடு செய்து தந்தார். கலனின் பாகங்களைக் கழற்றி, அசிட்டோனிலும் ஐசோபுரோப்பனாலிலும் கழுவி, மீண்டும் பூட்டினோம். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. பாரிமுனைக்குப் பின்னால் உள்ள தெருக்களின் இரும்புச் சாமான் கடைகளில் எந்த அளவு திருகும் உடனே கிடைக்கும். கலனுக்கு வெளியே அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கலனுக்கு உள்ளே பித்தளையோ துத்தநாகம் பூசிய திருகோ ஒன்றுகூடப் போகக் கூடாது. துத்தநாகமும் காட்மியமும் பேக்கிங் வெப்பத்திலேயே ஆவியாகி எல்லாப் பரப்பிலும் படியத் தொடங்கிவிடும்.

இனி தங்கம். நாங்கள் பயன்படுத்தியது 111 முகம், அதாவது அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கிய தளம், வெளியே தெரியும்படி வெட்டிய ஒற்றைப் படிகம். சுமார் 1 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பைச் செதுக்கி, பிறகு 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்கிச் செதுக்கிய காயங்களை ஆற்றுவது வழக்கம். புதிய படிகத்துக்கு இதைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். படிகத்தின் உள்ளே இருக்கும் கந்தகமும் கால்சியமும் கார்பனும் சூட்டில் மேலே ஏறி வந்துகொண்டே இருக்கும். வெப்பநிலையை அகச்சிவப்பு வெப்பமானியால் மட்டும் அளக்க வேண்டாம். பளபளப்பான தங்கம் மிகக் குறைவாகவே வெப்பக் கதிரை வெளியிடுவதால் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், நீங்கள் மேலும் சூடாக்குவீர்கள். தங்கம் 1,064 டிகிரியில் உருகும்; அதற்கு வெகு முன்பே பரப்பின் தட்டையான பகுதிகள் சீர்குலையும். படிகம் வாங்க நிதி இல்லாதவர்கள் அப்பிரகத் தகட்டின்மீது தங்கத்தைப் படியவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் சௌகார்பேட்டையில் கிடைக்கும் 999 முத்திரைத் தங்கம் இதற்குப் போதாது. நகைக்கு அது மிகத் தூய்மையானதுதான்; ஆயிரத்தில் ஒரு பங்கு வேற்று உலோகம் என்பது ஒற்றை அடுக்கு அணுக்களைப் பற்றிப் பேசும் நமக்குப் பெரிய அளவு. 99.999 சதவீதத் தங்கம்தான் வேண்டும்.

பரப்பு தூய்மையாகிவிட்டதா என்பதைத் தங்கமே சொல்லும். தூய்மையான 111 முகத்தில் மேலடுக்கு அணுக்கள் கொஞ்சம் நெருக்கி அடுக்கிக்கொள்கின்றன; கீழே 22 அணுக்கள் இருக்கும் நீளத்தில் மேலே 23 அணுக்கள். அதனால் மேடும் பள்ளமுமாக, ஏறக்குறைய 6.3 நானோமீட்டர் இடைவெளியில் மீன்முள் வடிவில் இரட்டை வரிகள் உருவாகின்றன. அவற்றின் உயரம் ஒரு அணுப்படியின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஊசி கூர்மையாகவும் பரப்பு தூய்மையாகவும் அதிர்வு குறைவாகவும் இருந்தால்தான் அவை தெரியும். ஒரே படத்தில் மூன்று சான்றிதழ்கள் கிடைக்கின்றன. அந்த வரிகளை அன்றைக்கு உங்கள் கண்ணால் பார்க்காமல், மூலக்கூறுகளை ஆவியாக்கும் உலையைத் தொடாதீர்கள். நேற்று தெரிந்தது போதாது. மூலக்கூறுகளைப் படியவைத்த பிறகு ஏதோ தெரிந்தால், அது நீங்கள் போட்டதா முன்பே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல வேறு வழி கிடையாது. 2023 நவம்பரில் அந்த வரிகள் முதன்முறையாகத் திரையில் தெரிந்த இரவில் நான் வாய்விட்டு அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

அடுத்த மாதமே மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் வட சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. மின்சாரம் பல நாட்கள் வரவில்லை. எங்கள் யு.பி.எஸ். டர்போ பம்பு, கணினி, குளிரூட்டி என எல்லாவற்றையும் தாங்கும்படி இணைக்கப்பட்டிருந்ததால் அது சில மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. டர்போ பம்ப் நின்றது. காற்றழுத்தத்தால் மூடும் வால்வு, அழுத்தம் இறங்கியதும் முழுதாக மூடாமல் விட்டது. இடுப்பளவு தண்ணீரில் யாராலும் ஆய்வகத்துக்குப் போக முடியவில்லை. தண்ணீர் வடிந்து நான் உள்ளே போனபோது கலன் சாதாரணக் காற்றழுத்தத்தில் இருந்தது. கருவி மேடைமேல் இருந்ததால் மின்சுற்றுகள் தப்பின. மற்றவை எல்லாம் முதலிலிருந்து.

இந்த ஊரில் வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும், எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நல்ல வெற்றிடத்தில் இருக்கும் அயனி பம்ப் மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்து, வேறு எதையும் அதில் இணைக்காமல் இருந்தால், அது மிக நீண்ட நேரம் தாங்கும். மழை எச்சரிக்கை வந்ததும் உலைகளையும் இழைகளையும் அணைத்து ஆறவிட்டு, டர்போ பம்புக்கும் கலனுக்கும் இடையில் உள்ள வால்வைக் கையால் மூடி, டர்போவை முறையாக நிறுத்தி, அயனி பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். அயனி பம்பும் நின்றுபோனால்கூட, இறுக மூடிய கலனில் அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். மின்சாரம் வந்த பிறகு பேக்கிங் இல்லாமலேயே மீட்டுவிட வாய்ப்பு உண்டு. வால்வு கையால் மூடும் வகையாக இல்லையென்றால் மாற்றித் தரும்படி இப்போதே கேளுங்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது நாங்கள் இப்படித்தான் செய்தோம். கலன் அப்படியே இருந்தது.

மீண்டும் மீன்முள் வரிகளைக் காண 2024 கோடை ஆகிவிட்டது. அதன் பிறகுதான் பென்டசீன். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் இரண்டு வளையம். அதே குடும்பத்தில் ஐந்து வளையம் நேர்வரிசையில் உள்ளது பென்டசீன், சுமார் 1.4 நானோமீட்டர் நீளம். பீரோவில் வைத்த உருண்டை உருகாமலே கரைந்து காணாமல் போவதுபோல இதுவும் திண்மத்திலிருந்து நேராக ஆவியாகும். ஆனால் வெற்றிடத்தில் 150 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். வளையங்கள் குறைந்த மூலக்கூறுகளை உலையில் வைத்தால் கலனைச் சூடாக்கும்போதே பறந்து எல்லா இடத்திலும் படிந்துவிடும் என்பதால், அவற்றைக் கலனுக்கு வெளியே தனிக் குழாயில் வைத்து நுண்வால்வு வழியாக விட வேண்டும்.

நாங்கள் வாங்கிய பென்டசீன் புட்டியில் தூய்மை 99 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. கருநீலமாக இருக்க வேண்டிய தூள் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. பென்டசீன் வெளிச்சத்திலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றமடைந்து பென்டசீன்குயினோன் ஆகிவிடும். கோடை வெயிலில், குளிரூட்டாத வண்டியில் நாட்கணக்கில் வந்த புட்டிக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விற்ற நிறுவனம் மாற்றித் தர மறுத்தது. அந்தத் தூளை நேராக உலையில் இட்டு ஆவியாக்கினால், பரப்பில் நீண்ட மூலக்கூறுகளோடு அடையாளம் தெரியாத வேறு உருவங்களும் கலந்து கிடந்தன. கடைசியில் வேதியியல் துறையின் குழாய் உலையைக் கடன் வாங்கி, வெற்றிடத்தில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்கும்படி வைத்து, தூளை ஆவியாக்கிப் படியவைத்தோம். கண்ணாடிக் குழாயில் மஞ்சள் கலந்த பழுப்புப் பட்டை ஓரிடத்தில், கருநீலப் படிகங்கள் வேறிடத்தில், கரிய எச்சம் தொடங்கிய இடத்தில் என்று தாமாகவே பிரிந்தன. கருநீலப் படிகங்களை மட்டும் சுரண்டி எடுத்தோம். கையில் கிடைத்தது வாங்கியதில் பாதிகூட இல்லை. ஆனால் வேலைக்குத் தேவைப்படுவது சில மில்லிகிராம்தான். ஆகவே பெரிய புட்டி வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். குறைந்த அளவில் வாங்கி, தூய்மை செய்து, இருட்டில், நைட்ரஜன் நிரப்பி வையுங்கள்.

உலையில் இட்ட பிறகு, ஆவியாகும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே ஓர் இரவு முழுவதும் வைத்து, நிறமாலையில் தெரியும் கோடுகள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கட்டுரைகளில் தரப்படும் உலை வெப்பநிலையை அப்படியே பின்பற்ற முடியாது. வெப்பநிலையை அளக்கும் கம்பியான வெப்ப இரட்டை தூளைத் தொடாமல் கிண்ணத்தின் வெளிச்சுவரைத்தான் தொடுகிறது. அதனால் ஒவ்வொரு உலையும் பல பத்து டிகிரிகள் மாறுபட்ட எண்ணைக் காட்டும். குவார்ட்ஸ் படிகத் தராசில் நிமிடத்துக்கு எவ்வளவு படிகிறது என்று அளந்து, உங்கள் உலைக்கு உங்கள் அட்டவணையைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

படமெடுப்பதிலும் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. தங்கத்தின்மீது பென்டசீன் பலமாக ஒட்டுவதில்லை. அறை வெப்பநிலையில், மூலக்கூறுகள் குறைவாக இருந்தால், அவை பரப்பில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஊசி ஒரு வரியை வருடும் நேரத்துக்குள் மூலக்கூறு வேறெங்கோ போயிருக்கும். படத்தில் கோடு கோடாகக் கீறல்கள் மட்டுமே தெரியும். தனி மூலக்கூறைப் பார்க்கும் ஆசையில் கொஞ்சமாகப் படியவைக்கும் மாணவர்கள் பரப்பு காலியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுவார்கள். அறை வெப்பநிலையில் முழு அடுக்கை நெருங்கிப் படியவையுங்கள். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரிசைகளாக நிற்கும்போதுதான் அவை அசையாமல் இருக்கும். மின்னோட்டத்தைப் பத்து முதல் ஐம்பது பிக்கோஆம்பியருக்குள் வையுங்கள். ஊசிக்கும் பரப்புக்கும் இடையிலான தூரம் ஓர் ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) குறைந்தால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். அதிக மின்னோட்டம் கேட்டால் ஊசி அவ்வளவு கீழே இறங்கி மூலக்கூறுகளை இழுத்துச் செல்லும்.

திரையில் வரிசைகள் தெரிந்ததும் உடனே நம்பிவிடவும் வேண்டாம். வருடும் திசையை 90 டிகிரி திருப்புங்கள்; பரப்பில் உள்ளதாக இருந்தால் வரிசைகள் படத்துக்குள் அதற்கேற்பத் திரும்பும். வருடும் வேகத்தை மாற்றும்போது இடைவெளியும் மாறினால் அது அதிர்வு அல்லது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். எல்லா உருவங்களும் ஒரே பக்கம் சாய்ந்த ஒரே வடிவத்தில் இருந்தால் அது ஊசிமுனையின் வடிவம். சில வோல்ட் துடிப்பு கொடுத்து முனையை மாற்றிக்கொண்டு பாருங்கள். மின்னோட்டத்தின் அதிர்வெண் வரைபடத்தை வெவ்வேறு நேரங்களில் பதிவு செய்யுங்கள். மற்ற ஊர்களில் நள்ளிரவுதான் அமைதியான நேரம் என்பார்கள். எங்கள் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவில்தான் அதிகம். அவை வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் படத்தில் ஒரு வெட்டு விழும். ஞாயிற்றுக்கிழமை காலைதான் எங்களுக்கு ஏற்றது என்பதைச் சில வாரப் பதிவுகளைப் பார்த்த பிறகுதான் கண்டுகொண்டோம்.

2024 ஆகஸ்டில், அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில், அடுத்தடுத்து நீளவாக்கில் படுத்திருக்கும் பென்டசீன் வரிசைகளும், அவற்றின் ஊடாகவே மங்கலாகத் தெரியும் தங்கத்தின் மீன்முள் வரிகளும் ஒரே படத்தில் கிடைத்தன. வளையங்கள் தெரியவில்லை; அறை வெப்பநிலைக் கருவியில் தெரியவும் தெரியாது. நெறியாளர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திருப்பிக் காட்டுப்பா" என்று மட்டும் சொன்னார். திசையைத் திருப்பினேன்; வரிசைகளும் திரும்பின.

என் கைப்பணத்திலிருந்து மொத்தம் ஏறக்குறைய 80,000 ரூபாய் போயிருக்கும். இழை, செப்பு வளையங்கள், பெரிய பென்டசீன் புட்டியில் என் பங்கு, பட்டறைச் செலவு எல்லாம் அதில் அடங்கும். சேரும்போதே நெறியாளரிடம் எதிர்பாராச் செலவு நிதி எவ்வளவு, அது எந்த மாதம் வரும், சொந்தப் பணத்தில் வாங்கினால் எந்த ரசீதின்மேல் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கலனுக்கான செப்பு வளையங்கள் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை உதவாதவை. எத்தனை முறை திறப்போம் என்று கணக்கிட்டு முதலிலேயே மொத்தமாக வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் மின்னழுத்தம், மின்னோட்டம், கடைசியாகத் தூய்மை செய்த நேரம், அன்றைய நிறமாலைக் கோப்பின் எண் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது, எனக்கு முன் அந்தக் கருவியில் வேலை செய்தவர் விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றைக்கூட என்னால் ஒப்பிட்டுப் பயன்படுத்த முடியவில்லை. அவற்றில் தேதி மட்டுமே இருந்தது.